மூர் மார்க்கெட் புத்தகமும் பாரிமுனை பக்கெட்டும்: ஒரு வருஷம் கழித்து ஒரு ரிவ்யூ

வாங்கிய அன்றைக்கே எழுதும் ரிவ்யூவில் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெட்டியைப் பிரித்த சூட்டோடு ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அந்தப் பொருள் ஆறு மாதம் கழித்துக் கையில் இருக்கிறதா, கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறதா என்று யாரும் வந்து சொல்வதில்லை. 2023 செப்டம்பரில் என் தம்பியை சென்னையில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்தோம். அதற்காகப் புத்தகம், பாய், பக்கெட் என்று நானும் அவனும் ஒரு சனிக்கிழமை முழுக்க மூர் மார்க்கெட்டிலும் பாரிமுனையிலும் அலைந்தோம். இப்போது அவனுக்கு மூன்றாவது செமஸ்டர் பரீட்சை முடிந்துவிட்டது. எது உழைத்தது, எது வீணாய்ப் போனது என்று கணக்குத் தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன்.

அவசரமாகப் படிப்பவர்களுக்கு மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூர் மார்க்கெட்டுக்கு ஐந்துக்கு நாலு. பாரிமுனைக்கு மூன்று. பட்டுக்கோட்டையிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மூட்டைக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் பருப்புப் பொடிக்காக (அம்மா இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியம்).

முதலில் ஏமாந்த கதை. கவுன்சலிங்கில் சீட் கிடைத்த அன்றே யாரோ ஒரு வாட்ஸாப் குரூப் ஆரம்பித்து, அதில் யாரோ ஒரு புத்தக லிஸ்ட் போட்டு, அதைப் பார்த்துவிட்டு அப்பா ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் 'முதல் செமஸ்டர் செட்' என்று நாலு புத்தகத்தை ஆர்டர் பண்ணிவிட்டார், தம்பி காலேஜ் வாசலைக்கூடப் பார்க்கவில்லை அதற்குள். 640 ரூபாய். பார்சல் வந்ததும் நான் அட்டையைப் பார்த்தேன், 'எம்ஏ 8151' என்று போட்டிருந்தது. போச்சு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாடத்திட்டத்தை இங்கே ரெகுலேஷன் என்போம்; 2013, 2017, 2021 என்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பாடத்தின் கோடில் எழுத்துக்கு அடுத்து வரும் முதல் எண்ணைப் பாருங்கள். 6 என்றால் 2013, 8 என்றால் 2017, 3 என்றால் 2021. தம்பிக்கு வேண்டியது எம்ஏ 3151. வந்தது அதற்கு முந்தைய ரெகுலேஷனின் லோக்கல் ஆத்தர் புத்தகம். திருப்பி அனுப்பலாமென்றால் 'கவர் பிரிக்கப்பட்டுவிட்டது' என்று பதில். பிரிக்காமல் எப்படி ஐயா உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது?

இந்த 640 ரூபாயில் கற்றுக்கொண்ட பாடத்தை வைத்துத்தான் பிறகு எல்லாமே வாங்கினோம். லோக்கல் ஆத்தர் புத்தகம் என்பது யூனிட் யூனிட்டாக, இரண்டு மார்க் கேள்வி பதிலோடு, அந்த ரெகுலேஷனுக்கென்றே வெட்டித் தைத்த சட்டை. சிலபஸ் மாறினால் சட்டை இறுக்கும். அதைப் பழசாக வாங்கவே கூடாது. வேண்டுமென்றால் புதுசு, அதுவும் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னால். ஆனால் பெரிய டெக்ஸ்ட் புக் இருக்கிறதே, கிரேவாலின் கணிதம் மாதிரி, அதில் மேட்ரிக்ஸ் எந்த ரெகுலேஷனிலும் மேட்ரிக்ஸ்தான். பதிப்பு ஒன்றிரண்டு பழசானாலும் கணக்கு மாறாது. பழசாக வாங்க வேண்டியது அதைத்தான். அதற்குச் சென்னையில் போக வேண்டிய இடம் மூர் மார்க்கெட்.

"மூர் மார்க்கெட்டா? அது எரிஞ்சுபோயி நாப்பது வருஷம் ஆகப்போவுது" என்றார் பெரியப்பா போனில். அவர் சொன்னதும் தப்பில்லை. சென்ட்ரல் பக்கத்தில் 1900 வாக்கில் வெள்ளைக்காரன் கட்டிய அந்தச் சிவப்புக் கட்டடம் 1985 மே மாதத்தில் எரிந்துதான் போனது. பெரியப்பா கிண்டியில் படித்தபோது அங்கேதான் கிளார்க்ஸ் டேபிள் (லாகரிதம் அட்டவணைப் புத்தகம்) வாங்கினாராம், எட்டணாவுக்கு பேரம் பேசிய கதையை ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார். தீக்குப் பிறகு கடைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். கடைகள் இடம் மாறினாலும் பேர் மட்டும் அவர்கள் கூடவே போய்விட்டது. எரிந்த இடத்தில் ரயில்வே புறநகர் ரயில் நிலையம் கட்டி அதற்கும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே பேர் வைத்தது. ஆக சென்னையில் மூர் மார்க்கெட் என்று இரண்டு உண்டு, ஒன்றில் புத்தகம் கிடைக்கும், இன்னொன்றில் அரக்கோணம் வண்டி கிடைக்கும்.

தம்பி எங்கே போய் நின்றான் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் ரிப்பன் மாளிகை வாசலில் காத்திருக்கிறேன், அவன் போன் பண்ணி "அக்கா, வந்துட்டேன், புத்தகக் கடை எந்த பிளாட்பாரம்?" என்கிறான். போகிறவர்கள் கவனத்துக்கு: ரிப்பன் மாளிகைக்குப் பின்பக்கம், நேரு ஸ்டேடியம் போகும் வழியில் கேளுங்கள். 'அல்லிக்குளம் கோர்ட்' என்று கேட்டால் இன்னும் சுலபம், கறுப்புக் கோட்டுப் போட்டவர்கள் போகும் திசையில் போனால் சரி.

உள்ளே போனதும் தம்பியின் முகம் விழுந்துவிட்டது. மால் மாதிரி எதிர்பார்த்தானோ என்னவோ. பெட்டி பெட்டியாய்ச் சின்னக் கடைகள், வாசலை மறைத்துக்கொண்டு ஆளுயரத்துக்குப் புத்தக அடுக்கு, நடக்க ஒரு ஆள் அகலத்துக்கு வழி, நீட் கைடு ஒரு பக்கம், சட்டப் புத்தகம் ஒரு பக்கம், நடுவில் பழைய ஆங்கில நாவல்கள். லைப்ரரி மாதிரி வரிசை எதுவும் கிடையாது. நீங்களாகத் தேடினால் சாயங்காலம் ஆகிவிடும், வாய்விட்டுக் கேட்பதுதான் வழி. அதுவும் புத்தகத்தின் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள், ஆசிரியர் பெயரைச் சொன்னால் யோசிக்கவே மாட்டார்கள். "கிரேவால் இருக்கா அண்ணா?" என்றேன். அவர் எழுந்திருக்கவே இல்லை. உட்கார்ந்த ஸ்டூலிலிருந்தே திரும்பி, இடது உள்ளங்கையால் அடுக்கை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மேலே இருபது புத்தகம் இருக்க நடுவிலிருந்து வலது கையால் ஒரே இழுப்பு. செங்கல் மாதிரி கிரேவால் வெளியே வந்தது, அடுக்கு ஒரு இம்மி அசையவில்லை. தம்பி அப்போதுதான் முதல்தடவையாக மூர் மார்க்கெட்டை மதித்தான்.

"எந்த ரெகுலேஷன் தம்பி?" என்று அவரே கேட்டார். இருபத்தொன்று என்றதும் முதல் செமஸ்டர், இரண்டாவது செமஸ்டர் பாடக் கோடுகளை மனப்பாடமாக ஒப்பித்தார், காலேஜ் ஆபீஸில்கூட யாரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். கிரேவாலுக்கு 450 சொன்னார். புது விலையோடு பார்த்தால் அதுவே பாதிதான், ஆனாலும் கேட்காமல் வர மனசு வரவில்லை. 300 கேட்டேன், 350க்கு வந்தார். அத்தோடு ஜெயின் அண்ட் ஜெயின் கெமிஸ்ட்ரி 220, ஒரு பிசிக்ஸ் புத்தகம் 180, அடுத்த செமஸ்டருக்கு வேண்டிய இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் 200. 'தமிழர் மரபு' பாடத்துக்கு கே.கே. பிள்ளையின் தமிழக வரலாறு லிஸ்டில் இருந்தது, அதன் பழைய பதிப்பு ஒன்று பக்கத்துக் கடையில் கிடக்க, அதையும் இவரே 120க்கு வாங்கித் தந்தார். மொத்தம் 1,070. எழுபதைத் தள்ளிவிட்டு ஆயிரமாக வாங்கிக்கொண்டார். ஐந்து புத்தகம் ஆயிரம் ரூபாய். (தமிழக வரலாறு ஹாஸ்டலுக்குப் போகவே இல்லை, அப்பா எடுத்து வைத்துக்கொண்டார்.)

பழைய புத்தகத்தில் ஒரு உபரி லாபம் உண்டு, அது புதுசில் கிடைக்காது. அந்த கிரேவாலை முன்பு வைத்திருந்த மகராசன் யாரோ, பென்சிலால் ஓரத்தில் 'இன்டர்னல் 1 இதுவரை' என்று கோடு போட்டிருந்தான். கேலி-ஹாமில்டன் தேற்றத்துக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம். சில கணக்குகளுக்குப் பக்கத்தில் 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தை. தம்பி முதல் இன்டர்னலுக்கு, அதாவது காலேஜே வைக்கும் பரீட்சைக்கு, அந்த நட்சத்திரங்களை மட்டுமே படித்துவிட்டுப் போய், தப்பித்துவிட்டான். வகுப்பில் புதுப் புத்தகம் வைத்திருந்தவன் எது முக்கியம் என்று கேட்டுக்கொண்டு இவனிடம் வந்தானாம்.

பழசு வாங்கும்போது பார்க்க வேண்டியது என்று சில இருக்கிறது. முதலில் நடுவில் பத்துப் பதினைந்து பக்கம் கிழித்திருக்கிறார்களா என்று பக்க எண்ணைப் புரட்டிப் பார்க்க வேண்டும், முக்கியமான யூனிட்டைத்தான் பிட்டுக்குக் கிழித்திருப்பார்கள். பின்பக்க அட்டையில் 'இந்தியத் துணைக்கண்டத்துக்கு மட்டும்' என்று அச்சிட்டிருந்தால் பயப்பட வேண்டாம், வெளிநாட்டு ஆசிரியர்களின் புத்தகத்தை இங்கே விலை குறைத்துப் போடும் முறையான பதிப்பு அது. பயப்பட வேண்டியது திருட்டு அச்சுக்கு. வேறொரு நாள், வேறோர் இடத்தில், பிளாட்பாரத்தில் ஒருவரிடம் பளபளவென்று ஒரு தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கி வந்துவிட்டோம். வீட்டில் வந்து பார்த்தால் அட்டைப் படம் லேசாகக் கலங்கியிருக்கிறது, உள்ளே தாள் வழவழவென்று மெலிசு, சூத்திரங்களில் கீழே வரும் குட்டி எழுத்தெல்லாம் மைப்புள்ளி. பி1 எது, பி2 எது என்று தெரியாத தெர்மோடைனமிக்ஸை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குட்டி எழுத்து படிக்க வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். பெரிய எழுத்து எல்லா அச்சிலும் நன்றாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, மெக்கானிக்கல்காரர்களுக்கு மட்டும். ஸ்டீம் டேபிள், பின்னால் வரப்போகும் பிஎஸ்ஜி டிசைன் டேட்டா புக் இதெல்லாம் பரீட்சை ஹாலுக்குள் எடுத்துப் போகும் புத்தகம். அதில் முந்தைய ஆள் பேனாவால் எழுதியிருந்தால் கண்காணிப்பாளர் பிடுங்கி வைத்துவிடுவார், எழுதியது நீங்கள் இல்லை என்று அழுதாலும் நடக்காது. கிரேவாலில் வரம், டேட்டா புக்கில் சாபம். அந்த இரண்டை மட்டும் சுத்தமான பிரதியாகப் பார்த்து வாங்க வேண்டும், அல்லது புதுசு.

காசே கொடுக்க வேண்டாத புத்தகங்களும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். முதல் செமஸ்டர் பைத்தான் பாடத்துக்கு லிஸ்டில் இருக்கும் திங்க் பைத்தான் புத்தகத்தை அதன் ஆசிரியர் ஆலன் டௌனியே இணையத்தில் இலவசமாகக் கொடுத்திருக்கிறார். அதைப் பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் போட்டு விற்கிறார்கள், வாங்குகிறவர்களும் வாங்குகிறார்கள். காலேஜ் லைப்ரரியில் புக் பேங்க் இருக்கிறதா என்று முதல் வாரமே கேட்டுவிட வேண்டும், எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கென்று அரசுத் திட்டத்திலேயே வருஷம் முழுக்கப் புத்தகம் கொடுக்கும் ஏற்பாடு உண்டு, கேட்காதவர்களுக்குத் தானாக வந்து சேராது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இன்னொன்று. கீழே சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது, ஹாஸ்டலில் படிக்க முடியாத அளவுக்குச் சத்தம் என்றால் ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் உட்காரலாம். நான் படித்த காலத்தில் பாதி செமஸ்டரை அங்கேதான் ஓட்டினேன், பாதித் தூக்கத்தையும்.

மூர் மார்க்கெட்டுக்கு ஒரு மார்க் குறைத்தது ஏன் என்றால், பேரம் பேசத் தெரியாத பையன் தனியாகப் போனால் நிச்சயம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவான். விலை என்று எழுதி ஒட்டியது எதுவும் கிடையாது. முகத்தைப் பார்த்து விலை. அப்புறம் தூசி. தும்மல்காரர்கள் கைக்குட்டை இல்லாமல் போகாதீர்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை முதல் வருஷக் கூட்டம் என்பதால் விலையும் ஏற்றம்தான். அதே புத்தகத்தை டிசம்பரில் கேட்டுப் பாருங்கள்.

திருப்பி எடுத்துக்கொள்ளும் விஷயம். வாங்கும்போதே அந்த கிரேவால் கடைக்காரர் முதல் பக்கத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கிக் கொடுத்து, "கிழிக்காம கொண்டாந்தா பாதி விலைக்கு எடுத்துக்கறேன்" என்றார். அப்போது நான் நம்பவில்லை. முதல் வருஷம் முடிந்து தம்பி கெமிஸ்ட்ரியையும் பிசிக்ஸையும் கொண்டுபோனான். 400க்கு வாங்கியதற்கு 200 வர வேண்டும், 160 கொடுத்தார். கெமிஸ்ட்ரியில் சாம்பார் கறை என்று நாற்பது ரூபாய் கழித்துவிட்டார். கறை எங்களுடையதுதான், சண்டை போட முடியவில்லை. கிரேவாலை விற்கவில்லை. மூன்றாவது செமஸ்டர் கணக்குப் பாடமான டிரான்ஸ்ஃபார்ம்ஸும் அதிலேயே இருக்கிறது, 350 ரூபாய்க்கு மூன்று செமஸ்டர் ஓடியிருக்கிறது, இன்னும் ஓடும்.

டிராஃப்டர் (கிராஃபிக்ஸ் பாடத்துக்குப் படம் வரையும் ஸ்கேல் கருவி) வாங்கியது மார்க்கெட்டில் இல்லை, ஹாஸ்டலில். கிராஃபிக்ஸ் ஒரே செமஸ்டர்தான், அது முடிந்த மறுநாள் மினி டிராஃப்டர் என்பது வெறும் இரும்பு. எந்த சீனியரின் அலமாரிக்கு மேலே பார்த்தாலும் ஒன்று கிடக்கும். தம்பி 250க்கு வாங்கினான், வரைந்து முடித்துவிட்டு ஜூனியரிடம் 250க்கே கொடுத்துவிட்டான். வாங்குமுன் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு இரண்டு ஸ்கேலும் சரியாகச் செங்கோணத்தில் நிற்கிறதா, ஆட்டினால் நகர்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நகர்ந்தால் ஓசியில் கொடுத்தாலும் வேண்டாம்.

சரி, பாரிமுனை. மூர் மார்க்கெட்டிலிருந்து நடந்தே போய்விடலாம் என்று நான் சொன்னேன், கிரேவாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது தம்பி. ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடைகள், லாங் சைஸ் நோட்டு டஜனாக எடுத்தால் தெருமுனைக் கடையைவிட நல்ல லாபம். பன்னிரண்டு எடுத்தோம். நாலு தீர்ந்தது. இப்போது பிள்ளைகள் யார் நோட்டில் எழுதுகிறார்கள், போனில் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அரை டஜன் போதும்.

கோடவுன் தெருவில் பெட்ஷீட் எடுக்கப் போனதுதான் தப்பு. துணிக்குப் பேர்போன தெரு, ஆனால் மொத்த வியாபாரம். முதல் மூன்று கடையில் "ரீடெயில் இல்லம்மா" என்று தலையைக்கூடத் தூக்காமல் சொல்லிவிட்டார்கள். நாலாவது கடையில் ஆறாக எடுத்தால் தருகிறேன் என்றார் ஒருவர். ஆறு பெட்ஷீட்டை வைத்து ஹாஸ்டல் நடத்தவா? கடைசியில் இரண்டு ஒற்றைக் கட்டில் விரிப்பும் தலையணை உறையும் சேர்த்து ஒருவர் கொடுத்தார். விலை குறைவுதான், ஆனால் அதற்கு நாங்கள் அலைந்த ஒன்றரை மணி நேரத்தைச் சேர்த்தால் ஊரிலேயே எடுத்திருக்கலாம். நாலைந்து பேர் சேர்ந்து போகிறவர்களுக்கு அந்தத் தெரு சொர்க்கம், தனி ஆளுக்குச் சரிப்படாது. மொத்தக் கடைகள் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கெட், மக், சோப்பு டப்பா, பத்து மீட்டர் நைலான் கயிறு, துணிக் கிளிப், ஒட்டும் கொக்கி இவ்வளவும் ஒரே பிளாஸ்டிக் கடையில் வாங்கினோம். இதில் கயிறுதான் மகாராஜா. அறையில் ஆணி அடிக்கக் கூடாது என்று விதி, ஆனால் ஜன்னல் கம்பியிலிருந்து கட்டில் காலுக்குக் கயிறு கட்டக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. மழைக்காலம் முழுக்க மூன்று பேர் துணியும் அதில்தான் காய்ந்தது. ஒட்டும் கொக்கி ஒரு வாரம் தாங்கியது, விழும்போது சுவரின் பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு விழுந்தது. பக்கெட்டில் மார்க்கரால் பேர் எழுதினால் பத்து நாளில் அழிந்துவிடும், அதுவும் அந்த உப்புத் தண்ணியில். ஆணியைச் சூடு பண்ணிப் பேரைக் கீறிக்கொடுத்தேன், என் ஹாஸ்டல் காலத்து வித்தை. மாடியில் காணாமல் போன பக்கெட்டுகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியாது, இவனுடையது இருக்கிறது.

மெத்தை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் குடும்பமே சேர்ந்து கோட்டை விட்டது. அம்மா ஊரில் ஆள் வைத்து இலவம் பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தாள், மூன்றடிக்கு ஆறடி, கட்டில் என்றால் அவ்வளவுதானே என்று. ஹாஸ்டல் கட்டில் இரண்டரை அடி. அரை அடி மெத்தை எப்போதும் கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருக்க, அந்தப் பக்கம் புரண்டால் பஞ்சோடு சேர்ந்து ஆளும் கீழே. முதல் வாரத்தில் இரண்டு தடவை விழுந்தான். பிறகு அரை அடியைச் சுவர்ப் பக்கம் மடித்துவிட்டுப் படுக்கப் பழகிக்கொண்டான், அது ஒரு தலையணை மாதிரி ஆகிவிட்டது என்கிறான். மெத்தை மேல் தப்பில்லை. மாதம் ஒருதரம் மொட்டை மாடியில் வெயிலில் போட்டுத் தட்டினால் புதுசு மாதிரி எழும்பும், பக்கத்துக் கட்டில் பையனின் ஃபோம் மெத்தை வேர்வையில் நாறிப்போய் இரண்டாவது செமஸ்டரில் தூக்கிப்போட்டான். அளவுதான் தப்பு. கட்டிலை, அலமாரியை, மேஜையை முதல் நாள் டேப் வைத்து அளந்துவிட்டு அப்புறம் வாங்க வேண்டும். அதுவரை ஒரு பாய் போதும்.

கெட்டிலும் அப்படித்தான். 1,500 வாட் எலெக்ட்ரிக் கெட்டில், மாமா பரிசாக வாங்கிக் கொடுத்தது. அறையில் இருப்பது சின்ன பிளக் பாயின்ட், ஆறு ஆம்பியர். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 1,380 வாட்தான் தாங்கும். இதில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைச் செருகி, அதில் கெட்டிலும் லேப்டாப்பும் மூன்று போன் சார்ஜரும். மூன்றாவது மேகி நூடுல்ஸுக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸின் ஒரு ஓட்டை பழுப்பாகி இளகி, பிளக்கைப் பிடுங்க வரவில்லை. வார்டன் கெட்டிலை எடுத்துக்கொண்டு போய்விட்டார், அயர்ன் பாக்ஸும் கூடவே போயிற்று. வார்டனைக் கொடுமைக்காரர் என்று மூன்று பேரும் ஒரு மாதம் திட்டினார்கள். நான் வார்டன் கட்சி.

ஒரு வருஷத்தில் கை படாத பொருட்கள்: டேபிள் கிளாத், சுவர்க் கடிகாரம், பத்துப் பேர் சாப்பிடும் அளவு எவர்சில்வர் கேரியர், ஷூ ரேக், ஒரு டஜன் ஹேங்கர் (அலமாரியில் கம்பியே இல்லை). தினமும் கை பட்டவை: கயிறு, கொசுவலை, டார்ச், பூட்டு. பூட்டுக்கு அம்மா திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு ஒன்று கொடுத்துவிட்டாள், தாத்தா காலத்துது, கையில் எடுத்தால் அரைக் கிலோ இருக்கும். கூட இருந்த பையன்கள் சிரித்தார்கள். பரீட்சை நேரத்தில் அடுத்த அறையில் லேப்டாப் திருடு போனதிலிருந்து அவர்கள் சாமானும் இவன் டிரங்குப் பெட்டிக்குள்தான் தூங்குகிறது. டிரங்குப் பெட்டியும் அம்மா பிடிவாதமாகக் கொடுத்ததுதான், இப்போது யோசித்தால் மூட்டைக்கு இரண்டு மார்க்காவது போட்டிருக்கலாம்.

மொத்தச் செலவு பார்த்தால் புத்தகத்துக்கு அந்த ஆயிரமும் ஏமாந்த 640-ம், பாரிமுனையில் 1,900 சில்லறை, டிராஃப்டர் கைமாறியதால் சைபர். பெரியப்பா மட்டும் இன்னும் நம்பவில்லை. போன தீபாவளிக்கு தம்பி கிரேவாலைக் கொண்டுவந்து காட்டினான். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வேற எங்கயோ வாங்கினது" என்று மூடி வைத்துவிட்டார்.

நாலாவது செமஸ்டர் லிஸ்ட் வந்துவிட்டது. ஆறு பாடம். இந்தத் தடவை நான் போவதாக இல்லை, ஆபீஸில் லீவும் இல்லை. பேரம் பேச அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், கடையில் முதலில் சொல்லும் விலைக்கு முகத்தைக் காட்டாமல் அடுத்த கடையைப் பார்க்க வேண்டும் என்று. போனவாரம் கிளம்புகிறேன் என்று மெசேஜ் அனுப்பினான், அரை மணி நேரத்தில் அடுத்த மெசேஜ்: "அக்கா, ரிப்பன் பில்டிங்குக்கு முன்பக்கமா பின்பக்கமா?"